அசினாத்தே அடக்கமாகத் துக்கம் விசாரித்தது

எங்கள் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குச் சாவு பழைய வாடிக்கை. சீட்டு வாங்காது, வரிசையில் நிற்காது, "அப்புறம் வாங்க" என்று சொல்லிப் பார்த்தாலும் கேட்காது. பிஜியில், சர்க்கரை மில்லைச் சுற்றி வளர்ந்த ஊர் இது. கரும்பு வெட்டும் மாதங்களில் கவிழ்ந்த லாரிகளும், மற்ற மாதங்களில் இனிப்பு ஏறிய ரத்தமும் எங்களுக்கு வேலை கொடுக்கின்றன. மில் மூடினாலும் நாங்கள் மூட மாட்டோம் என்பதுதான் ஊருக்கு நாங்கள் அளித்திருக்கும் ஒரே உத்தரவாதம்.

இந்தப் பிரிவின் மூத்த நர்ஸ் அசினாத்தே. கிழக்கே ஒரு தீவில், துவாலேவு என்ற கிராமத்துக்காரி. ஆளும் பெரிது, குரல் அதைவிடப் பெரிது. அரசாங்கம் சம்பளம் கொடுப்பது அவளுக்கா, அந்தக் குரலுக்கா என்பதில் ஊழியர்களிடையே இரண்டு கட்சிகள் உண்டு. படகு இன்ஜின் பழுது பார்க்கும் அவள் கணவர் மொசெசே, கல்யாணத்தன்று பாதிரியாரிடம் "சம்மதம்" என்று சொன்னதற்குப் பிறகு நீளமாக எதுவும் பேசியதாகத் தகவல் இல்லை.

சாவைத் தாங்க எங்களில் ஒவ்வொருவருக்கும் ஒரு வழி இருந்தது. ராஜ்னீல் என்ற ஆண் நர்ஸ் வெளியே போய்த் தன் காரைக் கழுவுவான். மோசமான வாரங்களில் அந்தக் கார் கல்யாணக் கார்போல மின்னும். அசினாத்தே இறந்தவரோடு சண்டை பிடிப்பாள். கண்ணை மூடிவிட்டு, முகம் துடைத்துவிட்டு, "இப்படியா விரிப்பக் கசக்கிப் போட்டுட்டுப் போவாங்க? உங்க வீட்ல சொல்லிக் கொடுக்கலையா?" என்று திட்டிக்கொண்டே துணியை இழுத்துச் சரிசெய்வாள். திட்டி முடிந்ததும் அடுத்த நோயாளி.

இது விஞ்ஞானப்பூர்வமானது அல்ல என்று மேலிடத்துக்குப் பட்டது. பிரிஸ்பேனிலிருந்து ப்ரான்வின் என்ற நிபுணரை வரவழைத்தார்கள். அவர் ஒரு கண்ணாடி ஜாடியும், ஒரு பை நிறையக் கூழாங்கற்களும் கொண்டுவந்தார். யாராவது இறந்தால் நாங்கள் மூச்சை உள்ளே இழுத்து, மனத்தின் நிலையைக் கவனித்து, அதற்கேற்ற நிறத்தில் ஒரு கல்லை ஜாடியில் போட வேண்டும். இறந்தவரின் குடும்பத்திடம் தாழ்ந்த குரலில் மூன்றே வாக்கியங்கள் சொல்ல வேண்டும்: உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன், அவர் தனியாக இல்லை, உங்களுக்கு என்ன தேவையோ சொல்லுங்கள். நாங்கள் பள்ளிப் பிள்ளைகள்போல ஒன்றாகச் சொல்லிப் பழகினோம். அவர் விமானம் ஏறியபின், காற்றில் அடித்துக்கொண்டிருந்த மருந்தறைக் கதவுக்கு ஜாடி முட்டுக்கொடுத்தது. அந்த வகையில் பயிற்சி வெற்றி.

இந்த நிலையில்தான் ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல் எபராமா என்ற கரும்பு லாரி டிரைவர் தன் காலாலேயே நடந்து உள்ளே வந்தார். ஒரு கை நெஞ்சில். முகம் ஈரச் சிமெண்ட் நிறம். அசினாத்தே அவரை நீலத் திரைக்குப் பின்னால் படுக்க வைத்தாள். எங்களிடம் இருக்கும் மிக மோசமான கேஸ்கள் எல்லாம் அந்த நீலத் திரைக்குப் பின்னால்தான் போகும்.

"எந்த ஊருய்யா?" என்று கேட்டுக்கொண்டே சட்டையைக் கத்தரித்தாள்.

"வுனிசீனா."

"அட தேவனே! திருட்டுப்பய ஊரா? ராஜ்னீல், கத்தரிக்கோல எண்ணி வை!"

எபராமாவின் மூடிய கண் திறந்தது. "நீ எந்த ஊரு?"

"துவாலேவு."

"போச்சு. இனிமேத்தான் வலியே இருக்கு" என்றார்.

வுனிசீனாவுக்கும் துவாலேவுக்கும் கேலி முறை. இரண்டு ஊர்களின் ஆதி தெய்வங்களும் உறவு என்பதால், இந்த ஊர்க்காரர்கள் எங்கே சந்தித்தாலும் ஒருவரையொருவர் ஏசலாம், கையில் இருப்பதைப் பிடுங்கலாம். பிடுங்கப்பட்டவர் சிரிக்க வேண்டும். கோபித்தால் அபராதமாக, ஊர்ச் சபைகளில் குடிக்கும் காவா வேரை இடித்துக் கரைத்துக் கொடுக்க வேண்டும். ஒருவரையொருவர் 'தௌ' என்று கூப்பிடுவார்கள். கூடப் பிறந்தவர்களிடம்கூட இவ்வளவு உரிமை எடுத்துக்கொள்ள முடியாது.

அசினாத்தே இ.சி.ஜி. ஒயர்களை ஒட்டினாள். "இது நெஞ்சா தேங்காய் மட்டையா? எதுவும் ஒட்ட மாட்டேங்குதே!"

"மெதுவா, தௌ. உன் கை அழுகின கணவாய் மாதிரி நாறுது."

"எங்க ஊரு அழுகின கணவாய் உங்க ஊரு சென்ட்டுக்கு மேல. பேசாம செத்துப் போ, தௌ. உன் லாரிய நான் ஓட்டிக்கிறேன்."

எபராமா சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. மானிட்டரில் ஓடிய கோடு கிறுக்கலானது.

அதற்குப் பிறகு அங்கே யாரும் வேடிக்கை பேசவில்லை. அசினாத்தே நெஞ்சை அழுத்தினாள். அவள் கை தளர்ந்தபோது ராஜ்னீல் அழுத்தினான். ஷாக் கொடுத்தார்கள், ஊசி போட்டார்கள், மறுபடி ஷாக். விலா எலும்பு உடையும் சத்தம் கேட்டது. டாக்டர் கடிகாரத்தைப் பார்த்துத் தலையசைத்த பிறகும் அசினாத்தேயின் கைகள் கொஞ்ச நேரம் அழுத்திக்கொண்டே இருந்தன. ராஜ்னீல்தான் அவள் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினான்.

நாங்கள் காத்திருந்தோம். அவள் திட்டவில்லை. விரிப்பு கசங்கியபடியே கிடந்தது. அவள் வெளியே வந்து, மருந்தறை வாசலில் குனிந்து, அங்கே கிடந்த பையிலிருந்து ஒரு கறுப்புக் கல்லை எடுத்து ஜாடியில் போட்டாள். பயிற்சி முடிந்தபின் அதில் விழுந்த முதல் கல் அதுதான்.

"அக்கா, ஒரு நொடிகூடத் தாமதம் ஆகல. உங்க வாயும் ஓடுச்சு, கையும் ஓடுச்சு. நான் பக்கத்துலதானே நின்னேன்?" என்றான் ராஜ்னீல்.

"கை ஓடுச்சு தம்பி. அந்தாளு காதுல கடைசியா என்ன விழுந்துச்சு?"

ராஜ்னீல் வெளியே போய்க் காரைக் கழுவினான்.

அந்த வாரம் எங்களோடு ஒரு வெளிநாட்டுத் தொண்டர் டாக்டர் இருந்தார். நர்ஸ் கடைசியாக என்ன சொன்னார் என்று ஆவலாக விசாரித்தார். உண்மையை அப்படியே மொழிபெயர்த்துக் கொடுக்கும் புண்ணியவான் எல்லா ஆஸ்பத்திரியிலும் ஒருவர் இருப்பார், எங்களிடமும் இருந்தார். மாலைக்குள் விஷயம் சூப்பரின்டென்டென்ட் அறைக்குப் போனது. அவர் காதில் 'வழக்கு' என்ற சொல் யாரும் சொல்லாமலே விழுந்தது. அந்தக் குடும்பத்தோடு யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டு, இரண்டு மாத்திரை போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

புதன்கிழமை மில்லிலிருந்து ஒருவரை நெஞ்சுவலி என்று தூக்கி வந்தார்கள். நீலத் திரையைப் பிடித்து விலக்க அசினாத்தேயின் கை போனது. துணியைத் தொடுவதற்கு முன் நின்றுவிட்டது. உள்ளே அந்த மனிதர் முனகிக்கொண்டிருந்தார். வெளியே அவள் கையை நீட்டியபடி, பஸ்ஸை நிறுத்துகிறவள்போல நின்றாள். ராஜ்னீல் அவளை இடித்துக்கொண்டு உள்ளே பாய்ந்தான். வியாழக்கிழமையும் அதேதான். இந்த முறை மேட்ரன் உனைசி பார்த்துவிட்டாள்.

உனைசி கெட்டவள் இல்லை. நல்லவள் என்ற வதந்தியை மட்டும் பரவவிடமாட்டாள். அசினாத்தேயைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"ரெண்டு தடவ ராஜ்னீல் இருந்தான். மூணாவது தடவ அவன் டீ குடிக்கப் போயிருந்தா?"

"தெரியும் மேட்ரன்."

"திங்கக்கிழமை காலைல அந்தக் கை திரைக்குள்ள போகணும். போகலன்னா காது கழுவுற அறைக்கு மாத்திடுவேன். அதுல ஒண்ணும் கேவலம் இல்ல. காதுக்கும் ஆள் வேணும்."

அசினாத்தே தலையாட்டினாள். நீலத் திரைக்குப் பின்னால்தான் அவள் அவளாக இருந்தாள் என்பது மேட்ரனுக்குத் தெரியும். அது தெரிந்துதான் சொன்னாள்.

சனிக்கிழமை எபராமாவின் அடக்கம். அந்தக் குடும்பத்தோடு பேசக் கூடாது என்று உத்தரவு இருந்ததால் அசினாத்தே போக முடிவு செய்தாள். முறைப்படி சபையில் பேச ஓர் ஆண் வேண்டும். மொசெசேயைப் பேசச் சொல்வது படகைப் பேசச் சொல்வதற்குச் சமம். ஆகவே ராஜ்னீல். அவன் பிஜி மொழி நன்றாகப் பேசுவான், கோபத்தில். சடங்குப் பேச்சு அவனுக்கு வராது. தன் பெட்டியின் அடியில் இருந்த, சடங்குகளில் காணிக்கையாக நீட்டும் திமிங்கிலப் பல்லை எடுத்து அவன் மடியில் வைத்தாள் அசினாத்தே. வழி நெடுகச் சொல்லிக் கொடுத்தாள்.

"ரெண்டு கையாலயும் நீட்டணும். அவங்க வாங்கற வரைக்கும் இறக்கக் கூடாது. ப்ரான்வின் சொன்ன மூணு வாக்கியத்தையும் நம்ம பாஷையில சொல்லிடு."

"அக்கா, உங்க ரெண்டு ஊருக்கும் கேலி முறை இல்ல? துவாலேவுக்காரங்க சாவு வீட்டுக்குப் போனா பாயைத் திருடிட்டு ஓடுவாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன். நாம என்ன கோயிலுக்குப் போற மாதிரி போறோம்?"

"விளையாடற உரிமை எனக்குப் போச்சுடா" என்றாள். அதன்பின் வுனிசீனா வரும்வரை பேசவில்லை. ராஜ்னீல் கண்ணாடியில் அவளைப் பார்ப்பதும் சாலையைப் பார்ப்பதுமாக ஓட்டினான். அவள் பேசாமல் ஒரு மைல் கடப்பதை அவன் அதற்கு முன் கண்டதில்லை.

ஊர் வாசலில் இரண்டு தடித்த பெண்கள் ஒரு வாளியை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வாளி நிறைய நண்டுச் சேறு. காரிலிருந்து இறங்கிய அசினாத்தேயைப் பார்த்ததும் ஒருத்தி ஆவலாக எழுந்தாள். அசினாத்தே கறுப்பு உடையில், தலையைக் குனிந்து, அவர்களைத் தாண்டிப் போனாள். எழுந்தவள் மெல்ல மறுபடி உட்கார்ந்தாள்.

தகரப் பந்தலில் ஆண்கள் காவாத் தொட்டியைச் சுற்றி அமர்ந்திருந்தார்கள். அதற்கப்பால் திறந்த வீட்டுக்குள் பாய்களின் மேல் பெட்டி. பெட்டியின் தலைமாட்டில் எபராமாவின் மனைவி லித்தியானா. ராஜ்னீல் முழந்தாளிட்டு, பல்லை இரு கைகளிலும் ஏந்தி நீட்டினான். மூன்று வாக்கியங்களையும் சொன்னான். "உங்களுக்கு என்ன தேவையோ சொல்லுங்கள்" என்பது சடங்குப் பேச்சில் 'என்னை என்ன செய்யப் போகிறீர்கள்' என்ற அர்த்தத்துக்கு அருகில் போய் நின்றது.

ஏற்றுக்கொண்டதற்கு அடையாளமான கைதட்டல் வரவில்லை. யாரும் பல்லை வாங்க முன்னே நகரவில்லை.

எபராமாவின் அண்ணன் நெமானி காவாக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "தம்பி, நீ யாரு?"

"ஆஸ்பத்திரி நர்ஸுங்க."

"பின்னாடி தரையைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கிறது?"

"அசினாத்தே சிஸ்டர். அவங்களும் நர்ஸு. துவாலேவு."

பந்தலில் ஒரு முணுமுணுப்பு ஓடி அடங்கியது. ராஜ்னீலின் தோள் வலிக்க ஆரம்பித்தது. திமிங்கிலப் பல் பார்வைக்குச் சிறியது. வாங்க ஆளில்லாதபோது திமிங்கிலத்தின் கனம் அதற்கு உண்டு.

"துவாலேவா?" என்றார் நெமானி. "துவாலேவுக்காரங்க வருவாங்கன்னு வாசல்ல சேறு கலக்கி வெச்சிருக்கோம். பெட்டிக்குக் கயிறு கட்டி இழுப்பாங்கன்னு பசங்கள ரெடியா நிறுத்தியிருக்கோம். நீ என்னடான்னா தலையக் குனிஞ்சுக்கிட்டுப் பல்ல நீட்டுற." அவர் குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "எங்ககிட்ட துவாலேவு பல்லு நீட்டுனா அதுக்கு ஒரு அர்த்தம்தான். தப்புப் பண்ணிட்டு மன்னிப்புக் கேக்குறது. என்ன தப்பு?"

எபராமாவின் இரண்டு தம்பிகள் எழுந்து நின்றார்கள். இருவருமே ரக்பியில் முன்வரிசை ஆடும் அகலம். ராஜ்னீல் நிமிராமலே, கார் எந்தப் பக்கம் நிற்கிறது என்று யோசித்தான். அடக்கமாக வந்து, மரியாதையாகப் பேசி, ஒரு குடும்பத்தையே கொலைச் சந்தேகத்தில் தள்ளிவிட்டோம் என்று அவனுக்குப் புரிந்தது. ப்ரான்வின் இந்த ஒன்றைச் சொல்லிக்கொடுக்க மறந்துவிட்டார்.

வீட்டுக்குள்ளிருந்து லித்தியானாவின் குரல் வந்தது. "என் புருஷன என்ன பண்ணுன?"

அசினாத்தே தலை நிமிர்ந்தாள். "செத்துப் போன்னு சொன்னேன்" என்றாள். "செத்துப் போ தௌ, உன் லாரிய நான் ஓட்டிக்கிறேன்னு சொன்னேன். சொன்னவுடனே போயிட்டாரு. அதுக்கப்புறம் எங்களால முடிஞ்சதெல்லாம் பண்ணுனோம். அவரு கேட்ட கடைசி வார்த்தை அதுதான்."

ஒரு தம்பி ஓர் அடி முன்னே வைத்தான். நெமானி கையைத் தூக்கி அவனை நிறுத்தினார்.

லித்தியானா எழுந்து வாசல்படிக்கு வந்தாள். "அதுக்கு முன்னாடி அவரு என்ன சொன்னாரு?"

"வேணாம்."

"சொல்லு."

"என் கை அழுகின கணவாய் மாதிரி நாறுதுன்னு சொன்னாரு."

"வலியில இருந்தப்பவா?"

"ஆமா."

"சிரிச்சாரா?"

அசினாத்தேயின் முகம் கோணியது. "சிரிச்சுக்கிட்டேதான்..."

லித்தியானா வாசல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள். நான்கு நாளாக அவளுக்கு எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: நிம்மதியாகப் போனார். அப்படிச் சொன்னவர் யாரும் அங்கே இருந்ததில்லை. பெருமூச்சு ஒன்று அவள் உடம்பு முழுவதையும் குலுக்கிக்கொண்டு வெளியே வந்தது. பிறகு கோபம் வந்தது. ராஜ்னீல் எதிர்பார்த்த கோபம் அல்ல.

"அந்தாளு சாகுறப்பக்கூட உன்னை நாறுதுன்னு சொல்லிட்டுப் போயிருக்கான். நீ மூக்கச் சிந்திக்கிட்டு உக்காந்திருக்க! அவன் ஜெயிச்சுட்டான்னு ஒத்துக்கிறியா? துவாலேவுல வாய் இருக்கிறவளே கிடையாதா?"

"என்னால முடியல, தௌ."

"முடியலன்னா அந்தப் பல்ல எடுத்துக்கிட்டுப் போ. மன்னிப்பு வாங்கிட்டுப் போகணும்னா இங்க இல்ல. நீ தப்புப் பண்ணுனன்னு நான் வாயால சொன்னா, அவரு சிரிச்சது பொய்யாப் போயிடும்."

நேரம் ஆகிவிட்டது என்று பாதிரியார் இருமினார். ஆறு பேர் பெட்டியைத் தோளுக்கு ஏற்றினார்கள். பாட்டு ஆரம்பித்தது. ராஜ்னீல் பல்லைத் தாழ்த்தவும் முடியாமல் நீட்டவும் முடியாமல் தவித்தான். பெட்டி பந்தலைத் தாண்டியது. முற்றத்தைத் தாண்டி மண் பாதைக்கு இறங்கியது. அசினாத்தே அசையவில்லை. அவள் வலது கை முன்னால் நீண்டு, காற்றில் நின்றது. ஆஸ்பத்திரியில் இரண்டு தடவை அந்தக் கை அப்படி நின்றதை ராஜ்னீல் பார்த்திருந்தான். "அக்கா" என்றான். "அக்கா, அவங்க போறாங்க."

அவள் எழுந்தாள். கறுப்பு உடையை முழங்கால்வரை தூக்கிச் சொருகிக்கொண்டு ஓடினாள். பாட்டுக்காரர்களை இடித்து, பாதிரியாரைச் சுற்றி, பெட்டிக்கு முன்னால் போய், பாதையின் குறுக்கே மல்லாந்து படுத்தாள்.

தூக்கி வந்தவர்கள் நின்றார்கள். பாட்டு அறுந்தது.

"இறக்குங்கடா!" அந்தக் குரல் கடற்கரைவரை கேட்டிருக்கும். "இந்தப் பெட்டி துவாலேவுக்கு! எங்க ஊர்ல பன்னிக்குத் தொட்டி இல்ல. உள்ள இருக்கிறத எடுத்துட்டுக் குடுங்க. அது பன்னிக்கும் ஆகாது!"

முன்வரிசை அகலத் தம்பி தன் மூலையைப் பக்கத்திலிருந்தவன் தோளுக்கு மாற்றிவிட்டு நடந்து வந்தான். அவன் முகம் இறுகியிருந்தது. அசினாத்தேயைத் தாண்டி ஊர் வாசல்வரை போனான். வாளியைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்து, அவளுக்கு நேர் மேலே நின்றான்.

"இதையும் பன்னிக்கு எடுத்துட்டுப் போ" என்று சொல்லி, முழு வாளியையும் அவள் முகத்தில் கவிழ்த்தான்.

முதலில் சிரித்தது லித்தியானா. சிரிப்பென்றும் அழுகையென்றும் பிரிக்க முடியாத சத்தம். அதற்குப் பிறகு ஊரே சிரித்தது. அசினாத்தே சேற்றைத் துப்பித் துப்பி, எபராமாவை, அவர் லாரியை, அவர் ஊரை, அவர் நெஞ்சு முடியை ஒன்றுவிடாமல் ஏசினாள். கண்ணிலிருந்து வழிந்தது சேற்றில் இரண்டு கோடு போட்டது. ஒரு கட்டுக் காவா வேர் கொடுத்தால்தான் வழி விடுவேன் என்றாள். பேரம் நடந்தது. பாதிரியார் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். கடைசியில் நெமானி வேர்க்கட்டைக் கொண்டுவந்து அவள் வயிற்றின் மேல் போட்டார். நான்கு பெண்கள் அவளைக் காலைப் பிடித்து ஓரத்துக்கு இழுத்தார்கள். பெட்டி போனது.

அடக்கம் முடிந்து திரும்பும்போது தன் காருக்குள் சேறு ஏறக் கூடாதென்று ராஜ்னீல் இருக்கையில் சாக்கு விரித்தான். லித்தியானா ஜன்னலருகே வந்து, ராஜ்னீல் பந்தலில் விட்டுவந்த, யாரும் வாங்காத திமிங்கிலப் பல்லை அசினாத்தேயின் மடியில் போட்டாள்.

"எங்க ஊர்க்காரங்க நெஞ்சப் பிடிச்சுக்கிட்டு இன்னும் வருவாங்க. நீ வாய மூடிக்கிட்டு நின்னேன்னு கேள்விப்பட்டா நானே வருவேன்."

"வேலையில இருப்பனான்னு தெரியல, தௌ."

"இருக்கணும்" என்றாள் லித்தியானா. சொல்லிவிட்டு, கல்லறைப் பக்கம் நடந்தாள்.

திங்கட்கிழமை காலை எட்டு மணியைத் தாண்டியதும் ஒரு கிழவரைக் கொண்டுவந்தார்கள். வுனிசீனாக்காரர் இல்லை. துவாலேவுக்கு அவர் எந்த முறையும் இல்லை. கந்தையா என்ற, ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. ராஜ்னீல் வேண்டுமென்றே மருந்தறையில் இருந்தான். கதவிடுக்கில் ஒரு கண் மட்டும் வெளியே. மேட்ரன் உனைசி தாழ்வாரத்தின் கோடியில், எதையோ தேடுகிறவள்போல நின்றாள். எங்களில் பலருக்கும் அன்று அந்தத் தாழ்வாரத்தில் திடீரென்று வேலை இருந்தது.

அசினாத்தே நீலத் திரைக்கு முன்னால் வந்தாள். கையை நீட்டினாள். கை நின்றது. கிழவர் உள்ளே இருமினார். விரல்கள் காற்றில் ஆடின. பிறகு துணியைப் பற்றின, ஆடிக்கொண்டே. திரை விலகியது.

கந்தையா பிழைத்தாரா என்று கேட்பீர்கள். பத்து மணிவரை பிழைத்திருந்தார். அசினாத்தே அவர் கண்ணை மூடினாள், முகத்தைத் துடைத்தாள். வெளியே நின்ற மகளிடம் அவள் பேசியது மூன்று வாக்கியங்களைவிட அதிகம். என்ன பேசினாள் என்பது அவர்களுக்குள். அவள் கை அன்று முழுவதும் ஆடியது. டீக்கோப்பையைத் தட்டில் வைத்தபோது கடகடவென்று சத்தம் கேட்டது.

மதியம் சூப்பரின்டென்டென்ட் மேட்ரனைக் கூப்பிட்டு, அந்த நர்ஸை எங்கே போட்டிருக்கிறாய் என்று கேட்டார்.

"இருந்த இடத்துலயேதான், சார்."

"கை நடுங்குதாமே?"

"நடுங்குது, சார்" என்றாள் உனைசி. "ஆனா திரைக்கு உள்ள இருக்கு."

சூப்பரின்டென்டென்ட் யோசித்துவிட்டு, இன்னொரு மாத்திரை போட்டுக்கொண்டார்.